காது முதலில் கேட்பதற்காக வரவில்லை

கேள்வி இதுதான்: காதில்தான் உடலின் சமநிலையும் இருக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியானால் காதே இல்லாத பாம்பு, இறால், ஈ எல்லாம் எப்படி நிலை தவறாமல் இருக்கின்றன? கேட்பதும் நிலை காப்பதும் ஏன் ஒரே உறுப்பில் இருக்க வேண்டும்? காது கேளாத விலங்கு தள்ளாடுமா?

பாடப்புத்தகம் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது என்பது என் எண்ணம். காதின் வேலை கேட்பது, கூடவே சமநிலையையும் அது பார்த்துக்கொள்கிறது என்று எழுதியிருப்பார்கள். உயிரினங்களின் வரலாற்றில் நடந்தது நேர்மாறு. எது மேல், எது கீழ், நான் சாய்கிறேனா, சுழல்கிறேனா என்று அறியும் உறுப்புதான் முதலில் வந்தது. கேட்பது அதன்மேல் பிற்பாடு ஏறிய வேலை. வரிசையை இப்படி மாற்றிப் பிடித்தால் உங்கள் மூன்று கேள்விகளும் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

ஜெல்லிமீனிலிருந்து தொடங்கலாம். அதற்கு மூளையும் கிடையாது, காதும் கிடையாது. ஆனால் குடை விளிம்பில் நுண்ணிய உணர் உறுப்புகள் உண்டு; அவற்றுக்குள் கால்சியம் உப்பாலான பொடிப் படிகங்கள் இருக்கின்றன. உடல் சாய்ந்தால் படிகங்களின் கனம் ஒரு பக்கமாக இழுக்கும். அதை நரம்பு செல்கள் உணர்ந்து, எந்தப் பக்கத்துத் தசை கூடுதலாகச் சுருங்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. 1991 ஜூனில் கொலம்பியா விண்கலம் சுமார் 2,500 குட்டி ஜெல்லிமீன்களைச் சுமந்து போனது. எடையற்ற நிலையிலும் அவை பெருகின, படிகங்களும் உருவாயின. ஆனால் விண்வெளியில் வளர்ந்தவை பூமிக்கு வந்தபிறகு பலவும் ஒழுங்காகத் துடித்து நீந்தத் திணறின. உறுப்பு இருந்தது, அதைப் பயன்படுத்தப் பழகும் காலத்தில் ஈர்ப்பு இல்லாமல் போயிருந்தது.

இறால் இன்னும் வேடிக்கையானது. அதன் சிறிய உணர்கொம்பின் அடியில் ஒரு பை இருக்கிறது. பைக்குள் நுண்மயிர்கள், மயிர்களின்மேல் மணல் துகள்கள். அந்த மணலை இறால் தானே உற்பத்தி செய்வதில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஓடு கழற்றும்போது பையின் உள்பூச்சும் சேர்ந்து கழன்றுவிடுவதால், ஒவ்வொரு முறையும் புது மணல் வேண்டும். 1893-ல் ஆஸ்திரிய உடலியலாளர் அலோயிஸ் கிரைடில் இதை வைத்து ஒரு காரியம் செய்தார். ஓடு கழற்றப்போகும் இறால்களின் தொட்டியில் மணலை எடுத்துவிட்டு இரும்புத் தூளைப் போட்டார். இறால்களும் வேறு வழியின்றி இரும்பை வைத்துக்கொண்டன. பிறகு தலைக்கு மேலே ஒரு காந்தத்தைப் பிடித்தார். துகள்கள் மேல்நோக்கி இழுபட, இறால் வயிறு மேலாகக் கவிழ்ந்து, அதுதான் நேர்நிலை என்று நம்பி நின்றது. சமநிலை ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். ஒரு கைப்பிடி இரும்புத் தூளும் ஒரு காந்தமும் போதுமானதாக இருந்தன!

முதுகெலும்பிகளுக்கு வந்தால் கதாநாயகன் ஒரு செல். உணர்மயிர் செல் என்பார்கள். செல்லின் உச்சியில் படிக்கட்டு வரிசையில் உயர்ந்துகொண்டே போகும் நுண்மயிர்க் கற்றை; ஒவ்வொரு மயிரின் நுனியும் அடுத்த உயரமான மயிரோடு ஒரு மெல்லிய புரத இழையால் கட்டப்பட்டிருக்கும். கற்றை உயரமான பக்கம் சாய்ந்தால் இழை இறுகி நுண்துளைகள் திறக்கும், பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாயும், செல் நரம்புக்குச் சொல்லும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் துளை மூடிக்கொள்ளும். இடையில் எந்த வேதிவினைச் சங்கிலியும் இல்லை, இழுத்தால் திறக்கும், அவ்வளவுதான். அதனால் இது வேகத்தில் பார்வையை எங்கோ பின்னால் விட்டுவிடுகிறது. ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அசைவையே இந்தச் செல்லால் பிடிக்க முடிகிறது. இந்த ஒரே கருவியை வைத்துக்கொண்டு, அதைச் சாய்ப்பது எது என்பதை மட்டும் மாற்றி மாற்றி விலங்குகள் பல வேலைகளைச் செய்துகொண்டன. தண்ணீர் ஓட்டம் சாய்த்தால் அது மீனின் உடலோரம் ஓடும் உணர்வுக்கோடான பக்கக்கோடு. காதுக்குள் இருக்கும் சிறு கல்லின் கனம் சாய்த்தால் ஈர்ப்பு உணர்வு. குழலுக்குள் இருக்கும் திரவம் சாய்த்தால் சுழற்சி உணர்வு. ஒலி அதிர்வு சாய்த்தால் கேட்டல். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்.

மீனுக்குக் காது உண்டா என்று பலர் கேட்பார்கள். வெளியே மடலும் துளையும் கிடையாது, உள்ளே உண்டு. கத்தாழை மீனின் தலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் இடறும் அந்த வெள்ளைக் கற்களைத் தெரிந்திருக்கும். அவை செவிக்கற்கள். எலும்பு மீன்களில் மூன்று ஜோடி இருக்கும். கத்தாழைக் குடும்பத்தில் ஒரு ஜோடி மட்டும் பெரிதாக வளர்ந்துவிடுகிறது. கால்சியம் கார்பனேட் நாளுக்கு நாள் படிந்து வளரும் கல் அது. அதை அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை எண்ணினால் மீனின் வயது தெரியும். 1971-ல் ஜியார்ஜியோ பன்னெல்லா அதில் ஆண்டு வளையங்கள் மட்டுமல்ல, நாள் வளையங்களும் இருப்பதைக் காட்டினார். மீன்வளத் துறையில் வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் கடல் மீன்களின் வயதை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கல்லால் கேட்பது எப்படி? மீனின் உடல் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். தண்ணீரில் வரும் ஒலியலை மீனையும் தண்ணீரோடு தண்ணீராக அசைத்துவிட்டுப் போய்விடும். கல் மட்டும் கனமானது, அதனால் பின்தங்கும். கல்லுக்கும் அதன் அடியிலுள்ள உணர்மயிர்களுக்கும் இடையே உண்டாகும் அந்த வழுக்கல்தான் மீனுக்கு ஒலி. அதே கல், மீன் சாய்ந்தால் சரிந்து, கீழ் எங்கே என்றும் சொல்லிவிடுகிறது. கேட்பதும் நிலை காப்பதும் ஒரே கல்லில் இவ்வளவு பச்சையாக ஒட்டிக்கிடப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

கெண்டை, ரோகு, கெளுத்தி வகைகள் ஒரு படி மேலே போயிருக்கின்றன. அவற்றில் காற்றுப்பைக்கும் காதுக்கும் நடுவே ஒரு சங்கிலி போலச் சிற்றெலும்புகள் உண்டு. 1820-ல் எர்ன்ஸ்ட் வேபர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. காற்று ஒலிக்கு எளிதில் அமுங்கி விரியும். அந்த அதிர்வை எலும்புகள் காதுக்குக் கொண்டுபோகின்றன. தேனீ ஆய்வுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், பார்வையற்ற ஒரு கெளுத்திக்கு உணவு வைக்கும்போதெல்லாம் சீழ்க்கை அடித்துப் பழக்கினார். சில நாளில் அது சீழ்க்கை கேட்டாலே ஒளிந்திருந்த இடத்தை விட்டு வெளியே வந்தது. 1923-ல் அவர் இதை வெளியிட்டபோது மீன் செவிடு என்ற பழைய நம்பிக்கை முடிந்துபோனது.

சாய்வை அறிய கல் போதும், சுழற்சியை அறிய அது போதாது. அதற்காக வந்தவை அரைவட்டக் குழல்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மிளகுத்தூளைத் தூவி, டம்ளரைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். டம்ளர் திரும்பும், தண்ணீர் அங்கேயே நிற்கப் பார்க்கும். தலையைத் திருப்பும்போது குழலுக்குள் இருக்கும் திரவமும் அப்படித்தான் பின்தங்கும். குழலின் ஓரிடத்தில் குறுக்கே ஒரு கூழ்த்திரை. பின்தங்கிய திரவம் அதைத் தள்ள, அதில் புதைந்திருக்கும் உணர்மயிர்கள் சாயும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று குழல்கள் இருப்பதால் எந்தத் திசைச் சுழற்சியும் தப்பாது. தாடையில்லாத மீன்களில் லாம்ப்ரேக்கு இரண்டு குழல்கள், ஹேக் மீனுக்கு ஒன்றே ஒன்று. தாடை வந்த விலங்குகள் எல்லாவற்றுக்கும் மூன்று: சுறா, தவளை, பல்லி, காகம், நாம்.

இது தெரியவந்தது புறாக்களால். 1820-களில் பிரான்சில் பியர் ஃப்ளூரான்ஸ் புறாவின் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். கிடைக்குழலை வெட்டினால் புறா தலையை இடமும் வலமுமாக ஆட்டியது; செங்குத்துக் குழலை வெட்டினால் மேலும் கீழுமாக. கேட்கும் திறன் அப்படியே இருந்தது. காதுக்குள் கேட்காத ஒரு பகுதி இருக்கிறது என்பதற்கு அது முதல் தெளிவான சான்று. ஆனால் அது சுழற்சியை அளக்கிறது என்று புரிய இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1870-களின் நடுவில் எர்ன்ஸ்ட் மாக், யோசெஃப் பிராயர், அலெக்சாண்டர் கிரம் பிரவுன் என்ற மூவர் தனித்தனியாக அந்த முடிவுக்கு வந்தார்கள். விமான வேகத்துக்குச் சொல்லும் மாக் எண், இந்த மாக்கின் பெயரால் வந்ததுதான்.

குழல்களின் முக்கியமான வாடிக்கையாளர் கண். இப்போதே சோதிக்கலாம்: இந்த வரியைப் பார்த்தபடி தலையை இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்து தெளிவாகவே தெரியும். இப்போது தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள். படிக்க முடியாது. முதல் முறை குழல்கள் தலை எவ்வளவு திரும்பியது என்று நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண் தசைகளுக்குச் சொல்லி, கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டன. இரண்டாம் முறை கண் தன் சொந்த வேகத்தில் துரத்த வேண்டியிருந்தது, அது மெதுவானது. கோழியைக் கையில் பிடித்து உடலை அசைத்தால் தலை மட்டும் ஆணி அடித்தாற்போல நிற்குமே, அதிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. கோழி கண்ணைவிடக் கழுத்தை அதிகம் பயன்படுத்துகிறது.

விலங்கின் உருவத்துக்கும் குழலின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நீலத்திமிங்கிலத்தின் குழல்கள் மனிதனுடையதைவிடச் சிறியவை. கழுத்து குறுகி இறுகிப்போனதால் தலையைத் தனியாகத் திருப்பும் வேலையே அதற்குக் குறைவு. மரத்தில் தொங்கி வாழும் மூவிரல் ஸ்லாத் என்ற விலங்கில் இன்னொரு விசித்திரம்: ஒரே இனத்திலேயே குழல்களின் வடிவம் விலங்குக்கு விலங்கு அளவுக்கு மீறி மாறுபடுகிறது. அவ்வளவு மெதுவாக நகரும் விலங்குக்குக் குழல் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் என்ன?

பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் பூசணித் தேரை என்று அழைக்கப்படும் ஒரு தவளை வகை உண்டு. ஆரஞ்சு நிறம், நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், அறிவியல் பெயர் பிராக்கிசெஃபாலஸ். நன்றாகத்தான் எம்பும். எம்பியபின் காற்றில் கட்டுப்பாடில்லாமல் சுழன்று, முதுகிலோ முகத்திலோ போய் விழும். ஏன் என்று 2022-ல் வெளிவந்த ஆய்வு பார்த்தது. வளர்ந்த முதுகெலும்பிகளில் அளந்தவற்றிலேயே இதன் அரைவட்டக் குழல்கள்தான் மிகச் சிறியவை. இவ்வளவு குறுகிய குழலில் திரவம் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும், தாராளமாகப் பின்தங்க முடியாது. தான் சுழல்வது தவளைக்கே போதுமான அளவு தெரியாமல் போகிறது. உடலை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம், நீர்மத்தின் பிசுக்கைச் சுருக்க முடியாது, அந்த எல்லையில் போய் மோதிய விலங்கு இது. இதே குடும்பத்தில் இரண்டு இனங்களுக்கு அவை எழுப்பும் ஒலியே அவற்றுக்குக் கேட்பதில்லை என்று 2017-ல் காட்டியிருந்தார்கள். உட்செவியில் அந்தச் சுருதிக்கான பகுதி வளர்ச்சி குன்றிவிட்டது. சொந்தக் குரலும் கேட்காமல், சொந்தக் குட்டிக்கரணமும் தெரியாமல் ஒரு தவளை காட்டில் சுகமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது நிலம். தண்ணீரில் மீனுக்கு இலவசமாகக் கிடைத்த ஒலி, காற்றில் கிடைக்காது. காற்றில் வரும் ஒலி திரவத்தில் மோதினால் 99.9 சதவீத ஆற்றல் திரும்பிப் போய்விடும். உட்செவி முழுக்கத் திரவம். ஆகவே காற்றின் மெல்லிய, பரந்த அசைவை வாங்கி, சிறிய இடத்தில் பலமாக அழுத்த ஒரு ஏற்பாடு வேண்டும். அதுதான் செவிப்பறையும் நடுச்செவி எலும்பும். தவளை, பல்லி, பறவை எல்லாவற்றுக்கும் அங்கே எலும்பு ஒன்று. பாலூட்டிகளுக்கு மட்டும் மூன்று: சுத்தி, பட்டடை, அங்கவடி. அதிகப்படி இரண்டும் எங்கிருந்து வந்தன? தாடையிலிருந்து. 1837-ல் கார்ல் ரைஹெர்ட் கருக்களை வரிசையாகப் பார்த்து இதைச் சொன்னார்: பல்லிக்கும் பாம்புக்கும் தாடைமூட்டாக இருக்கும் இரண்டு எலும்புகள்தான் நமக்குச் சுத்தியாகவும் பட்டடையாகவும் இருக்கின்றன. பின்னால் கிடைத்த புதைபடிவங்கள் அந்த எலும்புகள் தாடையிலிருந்து படிப்படியாக விலகிக் காதுக்குள் போனதையே காட்டின.

இங்கே பாம்பைச் சொல்லிவிட வேண்டும். பாம்புக்கு உட்செவி முழுமையாக இருக்கிறது: மூன்று குழல்கள், கற்கள், உணர்மயிர் செல்கள். கொடி பிடித்து ஏறும் பச்சைப் பாம்பு நிலை தவறாமல் இருப்பது அதனால்தான். அதற்கு இல்லாதது வெளித்துளையும் செவிப்பறையும் மட்டும். நடுச்செவி எலும்பு தாடை எலும்போடு இணைந்திருக்கிறது, ஆகவே தரை அதிர்ந்தால் தாடை வழியாகக் கேட்கும். அது மட்டுமல்ல, காற்றில் வரும் தாழ்வான ஒலி மண்டையோட்டையே அதிரவைப்பதையும் பாம்பு உணர்கிறது. பந்து மலைப்பாம்பில் (ball python) 2012-ல் அளந்தபோது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை அதன் செவி கூர்மையாக இருந்தது. ஆண்குரலின் அடித்தளம் ஏறக்குறைய அந்த இடம்தான். மகுடி அதைவிட மேலே ஒலிக்கும். பாம்பு ஆடுவது மகுடியின் இசைக்கு அல்ல, ஆட்டுகிறவர் கையோடு அசையும் மகுடியைப் பார்த்துத்தான். ஆக, பாம்புக்குச் சுத்தமாகக் காது கேட்காது என்பதும் தப்பு, மகுடிக்கு மயங்கும் என்பதும் தப்பு.

உட்செவியில் கேட்கும் பகுதிக்குக் காக்லியா என்று பெயர்; பாலூட்டிகளில் அது நீண்டு சுருண்டது. மனிதனில் நீட்டிப் பார்த்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அடிப்பகுதி உயர்ந்த சுருதிக்கும் நுனி தாழ்ந்த சுருதிக்கும் அசையும். இதைப் பிணங்களின் காதில் நேரில் பார்த்துக் காட்டிய கேயார்க் ஃபான் பேக்கெஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உயிருள்ள காது அவர் பார்த்ததைவிடக் கூர்மையானது. காரணம், வெளி வரிசை உணர்மயிர் செல்கள் ஒலிக்கு ஏற்ப நீண்டு சுருங்கி அதிர்வைத் தாங்களே பெருக்கிக்கொடுக்கின்றன. அந்த முயற்சியின் ஒரு பங்கு ஒலியாகவே வெளியே கசிகிறது, அதாவது காது பேசுகிறது. டேவிட் கெம்ப் 1978-ல் அதைப் பதிவு செய்தார். பிறந்த குழந்தையின் காதில் சின்ன முனையைச் செருகி, பதில் ஒலி வருகிறதா என்று இன்றைக்கு மருத்துவமனைகளில் பார்ப்பது இதைத்தான்.

யாருக்கு எவ்வளவு கேட்கும் என்பதில் தலையின் அளவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இரண்டு காதுகளுக்கும் இடையே ஒலியின் அளவு வேறுபடுவது திசையை அறிய ஒரு முக்கியமான வழி. சின்னத் தலை நீண்ட அலையை மறைக்காது, குட்டை அலையைத்தான் மறைக்கும். அதனால் சிறிய பாலூட்டிகள் உயர்ந்த சுருதிக்குப் போயாக வேண்டியிருந்தது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். நாய்க்குச் சுமார் 45,000. பூனைக்கு 60,000-ஐத் தாண்டும். சுண்டெலி அதற்கும் மேலே. யானைக்கு மேல் எல்லை 12,000-க்குள், ஆனால் கீழே நம்மைவிட ஆழம் இறங்கும். 1984-ல் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்கன் குழாயின் அருகே நின்றபோது உணர்ந்த அதே துடிப்பு. பதிவுசெய்து பார்த்ததில் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான குற்றொலி அழைப்புகள், அதாவது பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தவை, அதில் இருந்தன. அது காட்டில் மரங்களைச் சுற்றி வளைந்து கிலோமீட்டர் கணக்கில் போகும்.

வௌவாலைப் பற்றி எழுதப் புகுந்தால் இன்னொரு பதில் ஆகிவிடும். 1790-களில் ஸ்பல்லன்சானி, ழூரின் என்ற ஆய்வாளர்கள் காதை அடைத்தால் வௌவால் முட்டிக்கொள்கிறது என்று கண்டதும், 1938-ல் டொனால்ட் கிரிஃபின், நமக்குக் கேட்காத உயர்ந்த சுருதியைப் பிடிக்கும் மீயொலிக் கருவியால் அதன் ஒலியைப் பிடித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஊர் ஆலமரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் எதிரொலியை நம்பிப் பறப்பவை அல்ல, கண்ணையும் மூக்கையும் நம்புபவை. கூகைக்கு இடக்காதுத் துளை சற்று உயரத்திலும் வலக்காது கீழேயும் இருப்பதால் மேல்கீழ் திசைகூடக் காதாலேயே தெரிகிறது. முழு இருட்டில் எலியைப் பிடிக்கும். பறவைகளுக்கு உணர்மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கின்றன. நமக்கு முளைப்பதில்லை, அதனால்தான் கிழக்கூகைக்குக் காது மந்தமாவதில்லை, நமக்கு ஆகிறது.

பூச்சிகளுக்கு இந்த உணர்மயிர் செல்லே கிடையாது. ஆனாலும் அங்கேயும் அதே கதைதான் நடந்திருக்கிறது. பூச்சியின் மூட்டுகளில், தன் கால் எவ்வளவு மடங்கியது, உடல் எப்படி வளைந்தது என்று அறியும் நீட்சி உணரிகள் உண்டு. அவற்றில் சில, அருகிலுள்ள தோல் மெலிந்து பறையாக மாறியபோது காதுகளாயின. உணரிகள் உடலெங்கும் இருந்ததால் காதும் கண்ட இடத்தில் வந்தது. சுவர்க்கோழிக்கு முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே. வெட்டுக்கிளிக்கு வயிற்றின் பக்கவாட்டில். பல வகைக் கும்பிடுபூச்சிகளுக்கு மார்பின் அடியில் நடுவாக ஒரே காது. அதை வைத்து வௌவாலின் மீயொலியைக் கேட்டுவிட்டு டைவ் அடிக்கும். தேனடையை அரிக்கும் மெழுகு அந்துப்பூச்சிக்கு 3,00,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று 2013-ல் அளந்தார்கள். ஆண் கொசுவுக்கு உணர்கொம்பின் அடியில் சுமார் 15,000 உணர் செல்கள், நம் காக்லியாவில் இருப்பதற்கு ஏறக்குறைய சமம், எல்லாம் பெண் கொசுவின் ரீங்காரத்துக்காக. பழ ஈயில் அதே உறுப்பின் ஒரு பகுதி ஒலிக்கும் இன்னொரு பகுதி ஈர்ப்புக்கும் காற்றுக்கும் ஒதுக்கப்பட்டிருப்பது 2009-ல் தெளிவானது. இதைவிட எனக்கு வியப்பானது மரபணுக் கதை. ஈயில் இந்த உணரிகளை உருவாக்கும் மரபணுவும் எலியில் உணர்மயிர் செல்லை உருவாக்கும் மரபணுவும் ஒரே குடும்பம். எலியின் மரபணுவை ஈக்குள் வைத்தால் வேலை செய்கிறது.

பறக்கும் ஈ நிலை காப்பது இன்னொரு உறுப்பால். ஈக்கும் கொசுவுக்கும் பின் ஜோடி இறக்கை குறுகி, நுனி பருத்த குச்சியாகிவிட்டது. இறக்கை மேலே போகும்போது குச்சி கீழே, இறக்கை கீழே வரும்போது குச்சி மேலே. உடல் சுழன்றால், வேகமாக அடிக்கும் குச்சி பழைய தளத்திலேயே அடிக்க முயலும், அதன் அடிப்பகுதி முறுக்கப்படும். அந்த முறுக்கை உணரிகள் அளக்கின்றன. உங்கள் போன் சுழல்வதை அறியும் ஜைரோஸ்கோப் சில்லும் அதிரும் துண்டின் இதே விதியில்தான் ஓடுகிறது. குச்சியை வெட்டினால் ஈ பறக்க முடியாமல் உருளும் என்பதை 1700-களின் தொடக்கத்திலேயே வில்லியம் டெரம் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதிவைத்தார்.

பூனை நாலு காலில் விழுவதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். 1894-ல் பிரெஞ்சு உடலியலாளர் மாரே தொடர்படங்களாக எடுத்துக் காட்டிய விஷயம் அது. முதலில் தலை திரும்பும், அப்புறம் முன்னுடல், அப்புறம் பின்னுடல். கண்ணைக் கட்டினாலும் நல்ல உட்செவியுள்ள பூனை திரும்பிவிடும். விழத் தொடங்கிய கணத்திலிருந்து கற்களுக்குக் கனம் இல்லை, ஆகவே கீழ் எது என்று அவை புதிதாகச் சொல்ல முடியாது. விழுவதற்கு முன் தெரிந்ததையும் குழல்கள் தரும் சுழற்சிக் கணக்கையும் வைத்தே காரியம் நடக்கிறது. 1950-களில் அமெரிக்க விமானப்படை, எடையின்மை உண்டாக்கும் விமானத்தில் பூனைகளை விட்டுப் பார்த்தது. எடையின்மை நீள நீள அவை எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் குழம்பின.

சரி, கடைசிக் கேள்வி: காது கேளாத விலங்கு தள்ளாடுமா? எது கெட்டது என்பதைப் பொறுத்தது. நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பலவும் பிறவிச் செவிடு. அவற்றில் காக்லியாவும் அருகிலுள்ள ஒரு பையும் மட்டும் சிதைகின்றன, குழல்கள் தப்பிவிடுகின்றன. அந்தப் பூனை மதில்மேல் வழக்கம்போல நடக்கும், வண்டி வருவது மட்டும் தெரியாது. மாறாக, ஓயாமல் வட்டமடித்துச் சுற்றும் ஒரு எலி வகை உண்டு. ஒரு காலத்தில் அதை ஆடும் எலி என்று வேடிக்கைக்காக வளர்த்தார்கள். அது செவிடும்கூட. அப்படிச் சுற்றும் எலிகள் ஒன்றில் பழுதானது, உணர்மயிர்களின் நுனிகளைக் கட்டும் அந்த இழைப் புரதத்தின் மரபணு. இழை அறுந்தால் கேட்பதும் போகும், நிலையும் போகும். இரண்டுக்கும் அதுவே சொத்து.

மனிதர்களிலும் இது நடக்கிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, விண்வெளிப் பயணத்துக்கு முன்னோட்டமாக, காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியிலிருந்து 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. பெரும்பாலோருக்கு மூளைக்காய்ச்சலில் உட்செவியே அழிந்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், சோதிக்க வந்த ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துச் சோதனையை நிறுத்தினார்கள். கடல்மயக்கம் என்பது கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துவராத சண்டை. சண்டைபோட ஒரு தரப்பு இல்லாவிட்டால் மயக்கமும் இல்லை. அவர்கள் நிற்பதும் நடப்பதும் கண்ணாலும் மூட்டு உணர்வாலும். இருட்டில் கரடுமுரடான தரையில் மட்டும் சிரமம் தெரியும்.

வீட்டில் வயதான நாய் இருந்தால் இதில் ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. ஒரு நாள் காலையில் திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணிகள் இடவலமாகத் துடித்து, நாய் ஒரே பக்கமாக விழும். பக்கவாதம் என்று பயந்துவிடுவார்கள். கிழநாய்களில் பெரும்பாலும் அது உட்செவிச் சமநிலைக் கோளாறு. சில நாளில் குறையத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நடை பழையபடி ஆகிவிடும். தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம். காதில் சீழ் இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அதற்கு முன் மிச்சமிருக்கும் பழைய சொட்டுமருந்தை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் உள்ளே போய் உணர்மயிர் செல்களையே கொல்லும், நாய்க்கு அவை திரும்ப முளைக்காது.